ஆரஞ்சு அட்டைப் புத்தகம் பிறந்த கதை

1967-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. துறைக்கு விமானம் கட்டித் தரும் பெரிய நிறுவனம் ஒன்று அனுப்பியது. அவர்களிடம் பெரிய கணினி ஒன்று இருந்தது; ராணுவ ரகசிய வேலைகள் அதில் ஓடின. அந்த வேலை போக மீதி நேரத்தை வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துக் கணினியின் விலைக்கு அதைச் சும்மா போட்டு வைப்பது நஷ்டம். ஆனால் கூடும் என்றோ கூடாது என்றோ சொல்ல அரசாங்கத்தில் எவரிடமும் ஓர் அளவுகோல் இல்லை.

அதுவரை கணினிக்குக் காவல் என்றால் அறைக்குக் காவல். கதவில் பூட்டு, வாசலில் சிப்பாய், உள்ளே போகிறவர் கையில் அடையாள அட்டை. ஒரு வேலை முடிந்ததும் நாடாவைக் கழற்றிப் பெட்டியில் பூட்டி, நினைவகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த வேலையை ஏற்றுவார்கள். 1960-களில் நேரப் பகிர்வு முறை வந்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. ஒரே இயந்திரத்தில் ஒரே சமயத்தில் பல பேர், தொலைபேசிக் கம்பி வழியாக எங்கிருந்தோ வேலை செய்தார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் படிக்காமல் தடுக்கும் பொறுப்பு சிப்பாயிடமிருந்து உள்ளே ஓடும் மென்பொருளுக்குக் கைமாறியது. அந்த மென்பொருளை நம்பலாமா? எதைப் பார்த்து நம்புவது?

இந்தக் கேள்வியை முதலில் கையில் எடுத்தவர்களில் ஒருவர் வில்லிஸ் வேர். கலிஃபோர்னியாவின் ராண்ட் நிறுவனத்துப் பொறியாளர். அதற்கு முன்பு பிரின்ஸ்டனில் ஜான் வான் நாய்மன் கட்டிய கணினியில் வேலை செய்தவர். 1967 ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினி மாநாட்டில் பாதுகாப்புக்கென்றே ஓர் அமர்வை அவர் நடத்தினார். தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து பெர்னார்ட் பீட்டர்ஸ் வந்து பேசினார். அந்த முகமையின் பெயரையே வெளியில் சொல்லத் தயங்கிய காலம் அது. அதே ஆண்டு அக்டோபரில் வேர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1970 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கை மீதே ரகசிய முத்திரை குத்தப்பட்டது. 1975-இல்தான் அது விலகியது. ரகசியங்களை எப்படிக் காப்பது என்று சொல்லும் பொதுவான பொறியியல் அறிவு, அது மிகவும் தேவைப்பட்ட ஐந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

குழுவின் முடிவு கசப்பானது. கம்பியில் ஒட்டுக் கேட்பதைத் தடுக்க வழி இருக்கிறது, அறையைப் பூட்ட வழி இருக்கிறது. ஆனால் பலரும் வந்து நிரல் எழுதி ஓட்டும் திறந்த கணினியில் ரகசியத்தை வைத்தால் கசியாது என்று உறுதி சொல்ல அன்றைய தொழில்நுட்பத்தில் வழி இல்லை. அவ்வளவு பெரிய மென்பொருளில் எந்த மூலையில் என்ன பிழை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

விமானப் படையால் அந்தப் பதிலோடு நிற்க முடியவில்லை. வெவ்வேறு ரகசிய நிலைகளில் உள்ளவர்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. 1972-இல் மாசசூசெட்ஸின் ஹான்ஸ்கம் தளத்துக்கு மேஜர் ரோஜர் ஷெல் வந்து சேர்ந்தார். எம்.ஐ.டி.யில் கணினி இயலில் முனைவர் பட்டம் பெற்ற ராணுவ அதிகாரி அவர். அன்றைக்குப் பாதுகாப்பைச் சோதிக்கும் வழக்கம் எளிமையானது: கெட்டிக்காரர்கள் சிலரைக் கூட்டி, உடைத்துப் பாருங்கள் என்று விடுவார்கள். அவர்கள் உடைப்பார்கள். உடைத்த இடத்தை அடைப்பார்கள். அடுத்த குழு வேறோர் இடத்தில் உடைக்கும். உடைக்கப் போன எந்தக் குழுவும் வெறுங்கையோடு திரும்பியதாகத் தெரியவில்லை.

ஷெல்லைக் கலங்க வைத்தது இதற்குள் இருந்த தர்க்கம். நூறு ஓட்டைகளை அடைத்த பிறகும் நூற்றியோராவது இல்லை என்று சொல்ல அந்த வேலை எந்த ஆதாரமும் தருவதில்லை. காப்பவர் எல்லா ஓட்டைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். தாக்குபவருக்கு ஒன்று போதும். ஆகவே உடைத்துப் பார்த்து அடைக்கும் வேலையை எவ்வளவு ஆண்டுகள் செய்தாலும் அது நம்பிக்கையாகச் சேராது. இதற்கு மாற்று என்ன என்று ஆராய, பென்சில்வேனியாவில் சிறிய ஆலோசனை நிறுவனம் வைத்திருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் பணியை ஒப்படைத்தார். 1972 அக்டோபரில் ஆண்டர்சன் குழுவின் அறிக்கை வந்தது.

இந்தக் கதையின் கரு அந்த அறிக்கையில் இருக்கிறது. பெரிய இயக்குதளம் முழுவதையும் நம்பத் தேவையில்லை என்றார்கள். யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் வேலையை மட்டும் பிரித்து ஒரு சிறிய பகுதியிடம் கொடுங்கள். அந்தப் பகுதிக்கு மூன்று நிபந்தனைகள். அதை யாரும் திருத்த முடியக் கூடாது. ஒவ்வோர் அணுகலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும், சுற்றுவழி கூடாது. முழுவதையும் படித்து, சோதித்து, சரி என்று காட்டக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் புதுமை. எழுதியவர் திறமைசாலி, நிறுவனம் பெரியது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பவை காரணங்கள் ஆகா. இன்னொருவர் உட்கார்ந்து ஆராய முடிவதே நம்புவதற்கான காரணம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்கு மேல் நீளமான தரவை உள்ளே தள்ளி, பக்கத்து இடத்தை அழித்து, கணினியைத் தன் வசப்படுத்தலாம் என்ற தாக்குதலை அது விவரிக்கிறது. 1972-லேயே எழுத்தில் வந்துவிட்ட எச்சரிக்கை. இந்தத் தாக்குதலைப் பற்றிப் பிறகு மறுபடியும் சொல்கிறேன்.

அடுத்து ஷெல்லும் பால் கார்கர் என்ற இளம் விமானப் படை அதிகாரியும் மல்டிக்ஸ் என்ற இயக்குதளத்தை எடுத்துக்கொண்டார்கள். எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் மூன்றும் சேர்ந்து தொடங்கி, பிறகு ஹனிவெல் நிறுவனத்தின் கைக்குப் போன அமைப்பு. பாதுகாப்பை முதலிலிருந்தே மனத்தில் வைத்து வடிவமைத்ததால், அன்று இருந்தவற்றில் அதுவே சிறந்தது என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் உடைந்தது. வன்பொருளைச் சோதிக்க ஒரு நிரலை 1,100 மணி நேரம் ஓடவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட கட்டளை வரிசையில் அனுமதிச் சோதனையே நடக்காமல் போவது தெரிந்தது. மென்பொருளிலும் வழிகள் அகப்பட்டன.

அவர்கள் அதோடு விடவில்லை. உற்பத்தியாளரின் கணினிக்குள்ளேயே புகுந்து, மென்பொருளின் மூலப் பிரதியில் ஒரு கள்ளக்கதவை வைத்துக் காட்டினார்கள். வாடிக்கையாளர்களுக்குப் போகும் பிரதிகளெல்லாம் அந்த மூலத்திலிருந்து எடுப்பவை. கள்ளக்கதவு மிகச் சிறியது. அப்படி ஒன்று இருக்கிறது, இப்படித்தான் வேலை செய்கிறது என்று சொன்ன பிறகும் உற்பத்தியாளரின் ஆட்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஷெல் பின்னாளில் எழுதினார். 1974-இல் வந்த அறிக்கையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள்ளேயே கள்ளக்கதவை ஒளித்தால், அந்தக் கம்பைலரையே மறுபடி தொகுத்தாலும் அது தன்னைத் தானே நுழைத்துக்கொள்ளும் என்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் டூரிங் விருது உரையில் இதே உத்தியை விளக்கினார். பெயர் நினைவில்லாத ஒரு விமானப் படை ஆவணத்தில் படித்த யோசனை என்றும் குறிப்பிட்டார். உரை உலகப் புகழ் பெற்றது. அந்த ஆவணம் கார்கரும் ஷெல்லும் எழுதியது.

மல்டிக்ஸ் ஆய்வு ஒரு விஷயத்தை நிலைநாட்டியது. வாங்கிய பொருளைச் சோதிப்பது போதாது. அது கட்டப்படும் இடமும் முறையும் ஆட்களும் சேர்ந்துதான் நம்பிக்கை. கட்டுகிறவர்கள் அரசாங்கத்தார் அல்லர், தனியார் நிறுவனங்கள். அவர்களை எப்படி மாற்றுவது?

1970-களின் கடைசியில் பாதுகாப்புத் துறையில் இருந்த ஸ்டீவ் வாக்கர் இதற்கு ஒரு வழி யோசித்தார். அரசாங்கம் தனக்கென்று தனிக் கணினிகள் செய்துகொண்டால் விலையும் தாங்காது, காலத்துக்கும் ஈடு கொடுக்காது. கடையில் எல்லாருக்கும் விற்கும் பொருளே நம்பத் தகுந்ததாக வர வேண்டும். நிறுவனங்கள் தம் செலவில் கட்டட்டும். அரசாங்கம் தன் செலவில் மதிப்பிடட்டும். தேறியவற்றின் பட்டியலை வெளியிடட்டும். வாங்கும்போது பட்டியலில் உள்ளதற்கு முன்னுரிமை தரட்டும். இதற்காக மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்கில், தேசியத் தர நிர்ணய அமைப்பின் வளாகத்தில், 1979 முதல் கூட்டங்கள் நடத்தினார். கணினி நிறுவனங்களின் ஆட்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ரகசியமாகவே நடந்துவந்த ஒரு பேச்சு பொது மேடைக்கு வந்தது.

மதிப்பிட வேண்டும் என்றால் அளவுகோல் வேண்டும். மைட்டர் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கிரேஸ் நிபால்டி 1979-இல் முதல் வரைவை எழுதினார். கணினிகளைப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் என்ன இருக்க வேண்டும், அது இருக்கிறது என்று எப்படிக் காட்ட வேண்டும் என்று வகுத்தவர் அவர். கணினிப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் ஆண்களின் பெயர்களோடு சொல்லப்படுகிறது. அடிக்கல் வைத்தவர் நிபால்டி என்பதையும், அதன் மேல் நூலைக் கட்டி முடித்தவர் ஷீலா பிராண்ட் என்பதையும் சொல்லாமல் போவது சரியல்ல.

தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்த அட்மிரல் பாபி இன்மன் காலத்தில், 1981 ஜனவரியில், முகமைக்குள்ளேயே பாதுகாப்புத் துறையின் கணினிப் பாதுகாப்பு மையம் தொடங்கியது. ஷெல் அதன் துணை இயக்குநர். உளவு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு தனியார் நிறுவனங்களோடு வெளிப்படையாகப் பேச வேண்டிய மையம் அது. பழகாத வேலை. வரைவுகள் சுற்றுக்குப் போயின, தொழில் துறையும் பல்கலைக்கழகங்களும் குறை கூறின, திருத்தினார்கள், மீண்டும் அனுப்பினார்கள். பல கைகள் பட்ட அந்த ஆவணத்தை ஒரு நூலாக வடித்து வெளிக்கொண்டு வரும் பணியை ஷீலா பிராண்ட் நடத்தினார். 1983 ஆகஸ்ட் 15 அன்று நூல் வெளிவந்தது. முழுப் பெயர் நீளமானது: நம்பத் தகுந்த கணினி அமைப்புகளை மதிப்பிடும் அளவைகள். அட்டை ஆரஞ்சு நிறம். அதனால் ஊரெல்லாம் அதை ஆரஞ்சுப் புத்தகம் என்றே அழைத்தது. பின்னால் வந்த துணை நூல்களுக்கு வேறு வேறு நிறங்களில் அட்டை போட, முழு வரிசைக்கும் வானவில் வரிசை என்று பெயர் வந்தது.

நூறு பக்கத்தைச் சற்றே தாண்டும் நூல். டி, சி, பி, ஏ என்று நான்கு பிரிவுகள். உள்ளே ஏழு வகுப்புகள். டி என்றால் தேறவில்லை. சி2 என்றால் ஒவ்வொருவரும் தம் பெயரில் உள்ளே வர வேண்டும், யார் என்ன செய்தார் என்ற பதிவு இருக்க வேண்டும். பி வகுப்புகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ரகசிய நிலைச் சீட்டு ஒட்டப்படும். கோப்பின் உரிமையாளரே நினைத்தாலும் அந்தச் சீட்டை மீறிக் கீழே கொடுக்க முடியாது. மைட்டரின் டேவிட் பெல், லெனார்ட் லபடுலா இருவரும் 1973 முதல் கணிதமாக வகுத்த விதி இது: மேல் நிலையில் உள்ளதைக் கீழே இருப்பவர் படிக்கக் கூடாது, மேலே இருப்பவர் கீழ் நிலையில் எழுதவும் கூடாது. இரண்டாவது பாதி ஏன் என்று கேட்கலாம். அதிகாரி அறியாமல் அவர் பெயரில் ஓடும் ஒரு கெட்ட நிரல், அவர் படிக்கும் ரகசியத்தைக் கீழே உள்ள கோப்பில் நகலெடுத்துவிடும். அதைத் தடுக்கத்தான்.

பி2 முதல் மேல் வகுப்புகளில் இன்னும் நுட்பமான ஒன்றைத் தேடச் சொன்னார்கள். ரகசியத்தைப் படிக்கும் நிரலுக்குக் கீழ் நிலையில் எழுத அனுமதி இல்லை. ஆனால் அது வட்டை வேண்டுமென்றே பரபரப்பாக வைத்தால் ஒன்று, சும்மா விட்டால் பூஜ்யம் என்று வெளியே காத்திருக்கும் நிரல் புரிந்துகொள்ளலாம். எந்தக் கோப்பும் கைமாறாமல் ரகசியம் வெளியே போய்விடும். இப்படிப்பட்ட மறைவழிகளைத் தேடிப் பட்டியலிட வேண்டும் என்று அரசாங்க நூல் ஒன்று 1983-லேயே கேட்டது. உச்சியில் இருந்த ஏ1 வகுப்புக்கு வடிவமைப்பைக் கணித முறையில் நிறுவிக் காட்ட வேண்டும். கட்டப்பட்ட இடத்திலிருந்து வாடிக்கையாளரின் கைக்கு வரும் வழியில் யாரும் மாற்றவில்லை என்றும் காட்ட வேண்டும். மல்டிக்ஸ் ஆய்வு கற்றுத் தந்த பாடத்தின் எதிரொலி அந்தக் கடைசி நிபந்தனை.

ஹனிவெல் நிறுவனத்தின் ஸ்காம்ப் என்ற அமைப்பு முதன்முதலில் ஏ1 பெற்றது. மல்டிக்ஸ் திருத்தங்களுக்குப் பின் 1985-இல் பி2 பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் நூல் பாதுகாப்புத் துறையின் அதிகாரபூர்வத் தரமாகவும் ஆனது. 1992-க்குள் அரசின் முக்கியமான பல கணினிகள் சி2 நிலைக்கு வர வேண்டும் என்று 1987-இல் ஒரு கொள்கையும் வந்தது.

முன்னுரிமை தருவதாக வாக்கு கொடுத்த அரசுத் துறைகள் வாங்கவில்லை. இந்த முயற்சி தளர்ந்த காரணத்தை ஒரே வரியில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1981-இல் தொடங்கி வாக்ஸ் கணினிக்கு ஏ1 தரத்தில் ஒரு பாதுகாப்புக் கருவைக் கட்டியது. ஸ்டீவ் லிப்னர் தலைமை. ஷெல்லோடு மல்டிக்ஸை உடைத்த கார்கரும் அந்த அணியில் இருந்தார். பொருள் வேலை செய்தது, வாடிக்கையாளரிடம் சோதனைக்கும் போனது. 1990-இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. வாங்குவோம் என்று கையெழுத்துப் போட வந்தவர்கள் மிகச் சிலர். ஏற்றுமதிக் கட்டுப்பாடு வெளிநாட்டுச் சந்தையையும் அடைத்தது. ஒன்பது ஆண்டு உழைப்பு அலமாரிக்குப் போனது. அதைப் பார்த்த மற்ற நிறுவனங்கள் என்ன முடிவெடுத்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

காலதாமதம் இன்னொரு நோய். மதிப்பீடு ஆண்டுக்கணக்கில் நடந்தது. விண்டோஸ் என்.டி. 3.5 பதிப்புக்கு சி2 கிடைத்தது 1995 ஜூலையில், அதற்குள் 3.51 விற்பனைக்கு வந்துவிட்டது. மதிப்பிடப்பட்ட அமைப்பில் வலையமைப்பு இணைப்பும் இல்லை. உலகமே இணையத்தில் சேர்ந்துகொண்டிருந்த ஆண்டு அது.

இணையம் கொண்டுவரப் போகும் ஆபத்தின் முன்னோட்டம் 1988 நவம்பர் 2 அன்று நடந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நிரல் சுமார் 6,000 கணினிகளை முடக்கியதாக அன்று மதிப்பிட்டார்கள். அவருடைய தந்தை அந்தக் கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை விஞ்ஞானி. புழு நுழைந்த வழிகளில் ஒன்று, ஒதுக்கிய இடத்துக்கு மேல் நீளமான தரவைத் தள்ளுவது. ஆண்டர்சன் அறிக்கை பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதிவைத்த அதே வழி. மல்டிக்ஸ் பி.எல்.1 என்ற மொழியில் எழுதப்பட்டது. அதில் சரங்களின் நீளம் இயல்பாகவே கண்காணிக்கப்படும், அதனால் இந்தப் பிழை அங்கே அரிது. பிறகு உலகம் சி மொழிக்குப் போனது. அந்தக் காவல் போயிற்று. 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டு, நினைவகப் பிழைகளுக்கு இடம் தராத மொழிகளுக்கு மாறும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. எழுத்தில் வந்த எச்சரிக்கை கொள்கையாக மாற 52 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் இந்த ஒரே பிழையால் எத்தனை மருத்துவமனைகளும் வங்கிகளும் அலுவலகங்களும் துன்பப்பட்டன என்று நினைக்கும்போது ஆத்திரம் வருகிறது.

புழுவுக்குப் பிறகு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அவசரகால உதவி மையம் தொடங்கினார்கள். அதன் வழியில் நாட்டுக்கு நாடு அத்தகைய மையங்கள் வந்தன. இந்தியாவின் செர்ட்-இன் 2004-இல் பணியைத் தொடங்கியது. தேவையானவைதான். ஆனால் அவை நெருப்பை அணைக்கும் வேலை.

அளவுகோலின் கதைக்குத் திரும்பினால், ஐரோப்பிய நாடுகள் 1991-இல் தமக்கென ஓர் அளவுகோல் வகுத்தன. ஒரே பொருளை நாட்டுக்கு நாடு மதிப்பிட நிறுவனங்களால் முடியாது. ஆகவே எல்லாரும் சேர்ந்து பொது அளவைகளை உருவாக்கினார்கள். 1996-இல் முதல் பதிப்பு, 1999-இல் பன்னாட்டுத் தரம். ஆரஞ்சுப் புத்தகம் ஓய்வு பெற்றது. ஒரு நாடு கொடுத்த சான்றை மற்ற நாடுகள் ஏற்கும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்தது. 2013 முதல் சான்று வழங்கும் நாடாக இருக்கிறது. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் எஸ்.டி.க்யூ.சி. இயக்ககம் அந்தப் பணியைச் செய்கிறது.

பொது அளவைகளில் எனக்கு ஒரு குறை உண்டு. எதைக் காக்கப் போகிறோம் என்று பெரும்பாலும் விற்பவரே எழுதிக் கொடுப்பார். எழுதியபடி இருக்கிறதா என்று ஆய்வகம் பார்க்கும். ஆரஞ்சுப் புத்தகத்தில் கேள்வியை வாங்குகிறவர் கேட்டார். இங்கே கேள்வியும் விற்பவர் கைக்குப் போய்விட்டது. ஆவணங்கள் பெருத்தன, பொருள் அந்த அளவுக்குப் பலப்படவில்லை.

பிரிட்டன் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே நம்பத் தகுந்த மென்பொருளுக்கான தேசிய முயற்சியின் பயனாக 2014-இல் பி.ஏ.எஸ். 754 என்ற தர ஆவணம் வந்தது. அது பகைவனை மட்டும் பார்க்கவில்லை. உயிருக்குத் தீங்கு செய்யாமை, பிழையின்றி இயங்குதல், வேண்டும்போது கிடைத்தல், அடிபட்டாலும் மீளுதல், தாக்குதலைத் தாங்குதல் என்று ஐந்து முகங்களைச் சொன்னது. ஊடுருவ யாருமே வராவிட்டாலும் மோசமான மென்பொருள் ஆளைக் கொல்லும் என்பதை ஆரஞ்சுப் புத்தகம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விடுபடலை பிரிட்டிஷ் ஆவணம் நிரப்பியது.

இதற்கிடையில் லிப்னரின் பாதை தொடர்ந்தது. 1972-இல் ஆண்டர்சன் குழுவிலேயே இருந்தவர் அவர். வாக்ஸ் கனவு முடிந்த பின் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 2001-இல் கோட் ரெட், நிம்டா என்று புழுக்கள் அடுத்தடுத்து அந்த நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தன. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: புதிய வசதியா, பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள் என்பது சாரம். விண்டோஸ் வேலையை நிறுத்திவைத்து ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் பழைய நிரல்களை வரி வரியாகப் பார்த்தார்கள். அதைத் தொடர்ந்து, வடிவமைப்பில் தொடங்கி வெளியீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலைகளை ஒரு கட்டாய முறையாக்கி, 2004-இல் நடைமுறைப்படுத்தியவர்களில் லிப்னர் முதன்மையானவர். முடிந்த பொருளுக்குச் சான்று கொடுப்பதை விட்டுவிட்டு, கட்டும் முறையைச் சீராக்கும் வழி இது. ஆரஞ்சுப் புத்தகத்தின் பிறப்பையும் இறப்பையும் பற்றி 2015-இல் அவரே ஒரு கட்டுரை எழுதினார்; உள்ளிருந்து பார்த்தவரின் சாட்சியம் அது.

கார்கரும் ஷெல்லும் காட்டியது உண்மையிலேயே நடந்திருப்பது 2020 டிசம்பரில் தெரியவந்தது. வலையமைப்புகளைக் கண்காணிக்கும் ஓரியன் என்ற மென்பொருளை விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், மென்பொருள் தொகுக்கப்படும் நொடியில் கள்ளக்கதவை நுழைத்தார்கள். மூலநிரலைப் படித்தவர் கண்ணில் எதுவும் படாது. நிறுவனத்தின் கையெழுத்தோடு போன புதுப்பிப்பை 18,000 வாடிக்கையாளர்கள் வரை ஏற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவின் கருவூலத் துறையும் அவற்றில் ஒன்று. ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறையின் வேலை என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது.

2021 மே 12 அன்று அதிபர் பைடன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அரசுக்கு மென்பொருள் விற்கிறவர் பாதுகாப்பான முறையில் கட்ட வேண்டும். உள்ளே என்னென்ன உதிரிப் பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலும் தர வேண்டும். ஏழு மாதத்தில் அந்தப் பட்டியலின் அருமை எல்லாருக்கும் விளங்கியது. லாக்4ஜே என்ற சிறிய இலவச நிரலில் பெரிய ஓட்டை இருப்பது டிசம்பரில் தெரிந்தபோது, தங்கள் அமைப்புகளுக்குள் அது எங்கே இருக்கிறது என்று பெரும்பாலான நிறுவனங்களால் உடனே சொல்ல முடியவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. பாதுகாப்பான மென்பொருள் உருவாக்கத்துக்கான சட்டகத்தின் புதிய பதிப்பை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டில் உருவான முறையும் அதன் ஊற்றுகளில் ஒன்று.

ஆனால் ஆராய்வது யார்? விற்பவர் ஒரு படிவத்தில், இந்த முறைகளைப் பின்பற்றுகிறோம் என்று கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆனது. 2025 ஜனவரியில், பைடனின் பதவிக் காலம் முடியும் தறுவாயில், படிவத்தோடு ஆதாரமும் அனுப்ப வேண்டும், அரசு அதைச் சரிபார்க்கும் என்று இன்னோர் ஆணை வந்தது. அதே ஆண்டு ஜூன் 6 அன்று அதிபர் டிரம்பின் ஆணை அந்தப் பகுதியை நீக்கியது. இன்னொருவர் ஆராய வேண்டும் என்ற ஆண்டர்சன் நிபந்தனை ஐந்து மாதம் ஏட்டில் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் கொள்முதலைத் தாண்டி நேரே சந்தைக்குச் சட்டம் போட்டது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 2027 டிசம்பர் முதல் மென்பொருள் உள்ள பெரும்பாலான பொருட்களை அடிப்படைப் பாதுகாப்பு இல்லாமல் அங்கே விற்க முடியாது. ஆபத்து அதிகமான வகைகளுக்கு மூன்றாம் தரப்பு ஆய்வும் உண்டு.

இந்தியாவில் செர்ட்-இன் 2024 அக்டோபரில் உதிரிப் பாகப் பட்டியலுக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, தெருமுனையிலும் கடை வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் தொங்கும் கண்காணிப்புக் கேமராவுக்கு வந்த விதி. அது 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்தது. கேமராவுக்குள் ஓடும் மென்பொருளையும் அதன் மூலநிரலையும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் காட்டித் தேறினால்தான் இங்கே விற்க முடியும். உற்பத்தியாளர்கள் சோதனைக்கு ஆய்வகங்கள் போதவில்லை, தாமதம் தாங்கவில்லை என்று முறையிட்டிருக்கிறார்கள். அந்த முறையீட்டில் உண்மை இருக்கிறது. ஆரஞ்சுப் புத்தகத்தைத் தளர வைத்தவற்றில் தாமதமும் ஒன்று. அதற்கு மருந்து ஆய்வகங்களைப் பெருக்கி, மூலநிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கத் தெரிந்த ஆட்களைப் பயிற்றுவித்து அங்கே உட்கார வைப்பது. நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் பொறியாளர்களுக்கு அந்த வேலையைக் கற்றுத் தரலாம். அதற்கான சம்பளத்தை அரசு கொடுக்க வேண்டும்.